ஓட்டோடு கடித்துச் சாப்பிடும் வியட்நாம் உப்பு இறால்: முழுமையான செய்முறை

இறால் வாங்கப் போனால் மீன்காரம்மா கேட்கும் முதல் கேள்வி, “உரிச்சுத் தரவா?” என்பதுதான். இந்தச் சமையலுக்கு அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தலை, ஓடு, வால் எதுவும் போகக் கூடாது. வியட்நாமில் இதற்குப் பெயர் தோம் ராங் முவோய். தோம் என்றால் இறால், ராங் என்றால் வறுப்பது, முவோய் என்றால் உப்பு. இறாலை ஓட்டோடு பொரித்து, வறுத்து அரைத்த பருப்பு, அரிசி, உப்பு கலந்த பொடியில் சூடாகப் புரட்டி எடுப்பார்கள். பக்குவமாக வந்தால், தட்டில் ஓடு மிஞ்சாது. தலையிலிருந்து வால் வரை அப்படியே நொறுங்கி உள்ளே போய்விடும்.

முதல் தடவை நான் இதைச் செய்தபோது, மொறுமொறுப்புக்கு மாவுதான் வேண்டும் என்று நினைத்து பஜ்ஜி மாவு பதத்தில் கரைத்து முக்கிப் பொரித்தேன். எண்ணெயிலிருந்து எடுத்தபோது பொன்னிறமாக அழகாகத்தான் இருந்தது. ஐந்து நிமிடத்தில் மேல்மாவு நமத்துப் போனது, உள்ளே ஓடு ரப்பர் போல நீண்டது. அதற்குப் பிறகுதான் புரிந்தது: இந்த உணவில் மொறுமொறுப்பைத் தருவது ஓடுதான். அந்த ஓட்டிலும், அதன் மேல் ஒட்டும் பொடியிலும் ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இது எங்கே உண்ணப்படுகிறது

வியட்நாமின் கடற்கரை 3,000 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். தெற்கே மேகாங் டெல்டாவில், குறிப்பாக கா மாவ் பகுதியில், இறாலும் நண்டும் பெரிய அளவில் வளர்க்கப்படுகின்றன. சாயங்காலம் ஆனால் சைகோன் என்று இன்னமும் மக்கள் சொல்லும் ஹோ சி மின் நகரத்தில் ‘குவான் ஓக்’ என்ற நத்தைக் கடைகள் களைகட்டும். பெயர்தான் நத்தைக் கடை. அங்கே நத்தை, மட்டி, நண்டு, இறால், கணவாய் எல்லாம் கிடைக்கும். வின் கான் தெரு இதற்கென்றே பேர் பெற்றது. உயரம் குறைந்த பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, எந்த உயிரினம் வேண்டும், அதை எப்படிச் சமைக்க வேண்டும் என்று இரண்டையும் சொல்ல வேண்டும். உப்பில் வறுத்ததா, புளியில் புரட்டியதா, பூண்டு வெண்ணெயில் வதக்கியதா, எலுமிச்சைப்புல் போட்டு ஆவியில் வேகவைத்ததா என்று வகை வகையாக இருக்கும்.

உப்பில் வறுப்பதிலும் ஊருக்கு ஊர் கை மாறும். தெற்கில் பல கடைகளில் உப்பும் மிளகாயும் பூண்டும்தான் பிரதானம். வடக்கே ஹனோய்ப் பக்கம் பாசிப்பருப்பையும் ஒட்டரிசியையும் வறுத்து அரைத்த பொடியில், எலுமிச்சைப்புல்லும் எலுமிச்சை இலையும் சேர்த்துப் புரட்டுவார்கள். கோழியைக்கூட இதே பொடியில் புரட்டும் வழக்கம் அங்கே உண்டு. நான் இங்கே சொல்வது இந்த வடக்கத்திப் பொடி முறையை. வாசனை நிறைவாக இருக்கும் என்பது ஒரு காரணம். பருப்பு வறுத்துப் பொடி இடிக்கும் கை நம் கை என்பது இன்னொரு காரணம்.

என்னென்ன வேண்டும்

நான்கு பேர் கொறிக்கவோ, இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடவோ அரை கிலோ இறால் போதும். ஊறவைக்க: ஃபிஷ் சாஸ் 1 டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன். மேலே தூவ: கார்ன்ஃப்ளார் அல்லது மரவள்ளி ஸ்டார்ச் 3 டேபிள்ஸ்பூன், அரிசி மாவு 1 டேபிள்ஸ்பூன்.

பொடிக்கு: பாசிப்பருப்பு 3 டேபிள்ஸ்பூன், ஒட்டரிசி 1 டேபிள்ஸ்பூன் (கிடைக்காவிட்டால் பச்சரிசி), கல்லுப்பு ஒன்றரை டீஸ்பூன், மிளகு 1 டீஸ்பூன், சர்க்கரை 1 டீஸ்பூன். மணத்துக்கு: எலுமிச்சைப்புல் 2 தண்டு, பூண்டு 6 பல், சிவப்பு மிளகாய் 2, இளம் எலுமிச்சை இலை 5 அல்லது 6. பொரிக்க அரை லிட்டர் எண்ணெய். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவும் சரி. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் தங்கள் வாசனையை முன்னே நிறுத்திவிடும் என்பதால் இதற்கு வேண்டாம்.

எலுமிச்சை இலைக்காக சூப்பர் மார்க்கெட்டில் விலை உயர்ந்த இறக்குமதி இலையைத் தேட வேண்டியதில்லை. வடக்கு வியட்நாமில் சாதாரண எலுமிச்சை மரத்து இலையைத்தான் மெல்லிதாக நறுக்கிப் போடுவார்கள். வீட்டுப் பக்கத்தில் எலுமிச்சை மரமோ நாரத்தை மரமோ இருந்தால், வேப்பிலைக்கட்டிக்குப் பறிப்பது போல இளந்தளிராகப் பறித்துக்கொள்ளுங்கள். நடுநரம்பைக் கிழித்து எடுத்துவிட்டால் கசப்பு குறையும். மரவள்ளி ஸ்டார்ச் என்பது ஜவ்வரிசி செய்யும் அதே மரவள்ளிக் கிழங்கிலிருந்து வருவதுதான். வியட்நாம் அடுப்படிகளில் அன்றாடம் புழங்கும் மாவு அது.

மிளகு மட்டும் புதிதாக இடித்ததாக இருக்கட்டும். உலகிலேயே அதிகமாக மிளகு விளைவித்து ஏற்றுமதி செய்யும் நாடு வியட்நாம். அங்கே கடல் உணவுக்குக் காரம் கொடுப்பதில் மிளகாயோடு மிளகும் சரிசமமாக நிற்கும்.

இறாலைத் தேர்ந்தெடுப்பது

பெரிய இறால்தான் நல்லது என்ற எண்ணத்தை இங்கே விட்டுவிட வேண்டும். இறால் பெரிதாகப் பெரிதாக ஓடு தடிக்கும். தடித்த ஓடு எவ்வளவு பொரித்தாலும் பல்லில் தைக்கும். கிலோவுக்கு 50 முதல் 60 வரும் அளவுதான் சரி. டைகர் இறாலைவிட வனாமி இறாலின் ஓடு மெல்லியது, அதனால் வனாமியே பொருத்தம். ஓடு பளபளப்பாக, உடம்போடு இறுகி இருக்க வேண்டும். தலை ஆடிக்கொண்டிருந்தாலோ, மூக்கைச் சுளிக்க வைக்கும் அமோனியா நெடி அடித்தாலோ வாங்காதீர்கள். தலை கறுத்திருந்தால் பிடித்து நேரமாகிவிட்டது என்று பொருள். குழம்புக்குத் தலையைக் கிள்ளிவிடலாம், இதில் தலையையே தின்னப் போகிறோம்.

உறைந்த இறாலாக இருந்தால் முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு சல்லடை மேல் வைத்து இளகவிடுங்கள். தண்ணீரில் போட்டு அவசரமாக இளக்கினால் அந்தத் தண்ணீரைத்தான் பிறகு எண்ணெயில் வெடிக்க வைப்போம். வீட்டில் யாருக்காவது இறால், நண்டு ஒவ்வாமை இருந்தால், இதைப் பொரித்த எண்ணெயில் அவர்களுக்கு எதையும் பொரிக்கக் கூடாது.

கத்தரிக்கோல் வேலை

இதற்குக் கத்தியைவிட சமையலறைக் கத்தரிக்கோல்தான் வசதி. முதலில் தலை மேல் வாள் போல நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளை வெட்டுங்கள். அப்படியே கண்களுக்குச் சற்றுப் பின்னால் சாய்வாக ஒரு வெட்டு வெட்டினால் மீசை, கண், உள்ளே இருக்கும் மண் பை எல்லாம் சேர்ந்து வந்துவிடும். மீதித் தலையில் இருக்கும் ஆரஞ்சு நிறக் கொழுப்பு அங்கேயே இருக்கட்டும், ருசி அதில்தான். பிறகு கால்களை நறுக்குங்கள்.

அடுத்து முதுகு. தலை முடியும் இடத்தில் கத்தரிக்கோலின் நுனியை நுழைத்து, வால் வரை ஓட்டை மட்டும் நடுவே பிளந்துகொண்டே போங்கள். குடல் நரம்பு மேலே தெரியும், பல்குத்தும் குச்சியால் நெம்பி எடுத்துவிடலாம். இந்தப் பிளவு வழியாகத்தான் ஊறவைக்கும் சாறு உள்ளே போகும், பொரியும்போது ஆவி வெளியே வரும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பலர் இதைச் செய்வதில்லை, அதனால்தான் கையில் எண்ணெய் தெறிக்கிறது. வாலின் நடுவே கூரான சிறு முள் ஒன்று இருக்கும். அதை வெட்டிவிட்டு, வால் விசிறியின் நுனியையும் லேசாக நறுக்குங்கள். கத்தியின் பின்பக்கத்தால் வாலை அடியிலிருந்து நுனி நோக்கி அழுத்தி வழித்தால் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர் கசியும். எண்ணெயில் ‘பட்’டென்று வெடிப்பது அந்தத் தண்ணீர்தான்.

சரி, இப்போது ஒரே ஒரு தடவை அலசி, உடனே வடித்து, பருத்தித் துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். ஃபிஷ் சாஸ், சர்க்கரை, மிளகுத்தூள் சேர்த்துப் பிசிறி 15 நிமிடம் மட்டும் வையுங்கள். அதற்கு மேல் வைத்தால் உப்பு சதையிலிருந்து நீரை இழுத்துவிடும்.

பொடி

இந்தப் பொடி சரியாக அமைந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. இறால் வாங்குவதற்கு முதல்நாளே கூடச் செய்து வைக்கலாம்.

அடி கனமான வாணலியில் பாசிப்பருப்பை மட்டும் போட்டு, சின்னத் தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். மூன்று நான்கு நிமிடத்தில் வாசனை வரும். பொங்கலுக்கு வறுப்பவர்கள் அங்கே நிறுத்திவிடுவார்கள். இங்கே நிறுத்தக் கூடாது. பொங்கலில் பருப்பு பிறகு வேகும். இந்தப் பொடி இனிமேல் வேகப் போவதில்லை. ஆகவே ஒவ்வொரு பருப்பும் செம்பொன் நிறமாக, வாயில் போட்டுக் கடித்தால் வறுகடலை போல உடையும் வரை, எட்டு நிமிடமாவது ஆகும். கருகும் நெடி வருவதற்கு முன் தட்டில் கொட்டிவிடுங்கள். வாணலியிலேயே விட்டால் அதன் சூட்டிலேயே நிறம் ஏறிவிடும்.

பிறகு அரிசி. அது முதலில் வெள்ளையாக வெளுக்கும், அப்புறம் லேசாகப் பொரிந்து பழுப்பாகும். வறுத்து அரைத்த அரிசிப் பொடியை வியட்நாமில் ‘தின்’ என்பார்கள், பல உணவுகளில் மணத்துக்காகத் தூவுவார்கள். கடைசியாகக் கல்லுப்பும் மிளகும். கல்லுப்பு வாணலியில் படபடவென்று வெடிக்கும். உப்புக் கல்லுக்குள் சிறைப்பட்டிருக்கும் ஈரம் வெளியேறும் சத்தம் அது. சத்தம் அடங்கியதும் அடுப்பை அணையுங்கள். தூள் உப்பை நேராகக் கலந்தால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வறுக்காத உப்பு கலந்த பொடி சீக்கிரம் ஈரம் பிடித்துக் கட்டியாகும்.

எல்லாம் முழுவதும் ஆறிய பிறகு, சர்க்கரையும் சேர்த்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் விட்டு விட்டு அரையுங்கள். சலித்து, மேலே தங்குவதை மறுபடி அரைத்துச் சேர்க்கவும். விரலில் தேய்த்தால் திருநீறு போல இல்லாவிட்டாலும், ரவை போல நெருடக் கூடாது. நாக்கில் ஒரு சிட்டிகை வைத்துப் பாருங்கள். முதலில் உப்பு, அதன்பின் பருப்பின் கொழுமை, கடைசியில் மிளகின் உறைப்பு தெரியும். கிட்டத்தட்ட ஐந்து டேபிள்ஸ்பூன் பொடி கிடைக்கும். அரை கிலோ இறாலுக்கு மூன்று டேபிள்ஸ்பூன் போதும்.

மணப்பொருள்கள்

எலுமிச்சைப்புல்லின் வெளித்தாள்களை உரித்து, அடியிலிருந்து நான்கு விரல் நீளம் வரை உள்ள வெளிறிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய வட்டங்களாக நறுக்கி, அதன் மேல் கத்தியை மறுபடி மறுபடி ஓட்டிப் பொடியாக்க வேண்டும். அரைகுறையாக நறுக்கினால் வாயில் வைக்கோல் மாதிரி நிற்கும். பூண்டையும் மிளகாயையும் அதே போலப் பொடியாக நறுக்குங்கள்.

பொரிக்க வைத்திருக்கும் எண்ணெயை மிதமாகக் காயவைத்து, முதலில் எலுமிச்சைப்புல்லைப் போடுங்கள். குமிழ்கள் குறைய ஆரம்பித்ததும் பூண்டு. இளம்பொன் நிறத்திலேயே வடிகட்டியில் அள்ளிவிடுங்கள், வெளியே வந்த பிறகும் பூண்டு நிறம் ஏறும். பழுப்பாகும் வரை காத்திருந்தால் கசந்துவிடும். எலுமிச்சை இலைக்குப் பத்து விநாடி போதும், அது ஈரமில்லாமல் இருக்கட்டும். மிளகாயையும் அப்படியே ஒரு வதக்கு. எல்லாவற்றையும் பேப்பர் டவலில் பரப்பினால் ஆறும்போது நொறுநொறுவென்று ஆகும். இப்போது எண்ணெயில் எலுமிச்சைப்புல் வாசனை ஏறியிருக்கும், அதிலேயே இறாலைப் பொரிக்கப் போகிறோம். தூள் தூளாக எதுவும் மிதந்தால் வடிகட்டிவிடுங்கள்.

இரண்டு தடவை பொரிப்பது

ஊறிய இறாலில் நீர் விட்டிருந்தால் வடித்துவிட்டு, துணியால் மறுபடி ஒற்றுங்கள். ஸ்டார்ச்சையும் அரிசி மாவையும் கலந்து தூவி, ஒவ்வொரு இறாலும் மெல்லிய வெள்ளைத் தூசி படிந்தது போலத் தெரியும் வரை பிரட்டுங்கள். முதுகுப் பிளவுக்குள்ளும் மாவு படட்டும். ஐந்து நிமிடம் அப்படியே விட்டால் மாவு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொன்றையும் உதறிவிட்டுத்தான் எண்ணெயில் போட வேண்டும். அதிக மாவு எண்ணெயில் உதிர்ந்து கருகி, அடுத்த ஈட்டைக் கசக்க வைக்கும்.

எண்ணெய் 175 டிகிரிக்கு வரட்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் மரக்கரண்டிக் காம்பை எண்ணெயில் நிறுத்துங்கள். அதைச் சுற்றிச் சின்னக் குமிழ்கள் விடாமல் எழுந்தால் பதம். ஒரு ஈட்டுக்கு ஆறு அல்லது ஏழு இறால் போதும், மேலும் போட்டால் எண்ணெயின் சூடு விழுந்து ஓடு தோல் போல இழுபடும்.

இங்கே காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இறால் விழுந்ததும் ‘சோ’வென்று மழை பெய்வது போலச் சத்தம் வரும், பெரிய குமிழ்கள் கொந்தளிக்கும். ஒரு நிமிடம் கடந்ததும் சத்தம் மெலிந்து, குமிழ்கள் சிறுத்து, ஜல்லிக்கரண்டியால் இறாலைப் புரட்டினால் ஓட்டோடு ஓடு உரசி ‘கடகட’ என்று கேட்கும். ஒன்றரை நிமிடத்தில் எடுத்து, கம்பி வலைத் தட்டில் ஒன்றன் மேல் ஒன்று படாமல் பரப்புங்கள். பேப்பர் மேல் குவித்தால் அடியில் ஆவி தேங்கி, கஷ்டப்பட்டு உலர்த்தியது வீணாகிவிடும்.

மூன்று நான்கு நிமிடம் ஆறட்டும். இந்த நேரத்தில் சதைக்குள் இருக்கும் ஈரம் மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து ஓட்டை நனைக்கும். அதை விரட்டத்தான் இரண்டாவது பொரிப்பு. எண்ணெயை 190 டிகிரிக்கு ஏற்றி, முப்பது முதல் நாற்பது விநாடி மட்டும். அதற்கு மேல் போனால் ஓடு நன்றாக இருக்கும், சதை கட்டையாகிவிடும். தலைகள் மட்டும் இன்னும் மெத்தென்று இருந்தால், இறாலின் வாலைக் கிடுக்கியால் பிடித்து, தலை மட்டும் எண்ணெயில் மூழ்கும்படி பத்து விநாடி காட்டுங்கள். ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். ஓடு அப்பளம் போல உடைய வேண்டும், உள்ளே சாறு இருக்க வேண்டும்.

புரட்டுவது

இதைச் சாப்பிடுபவர்கள் உட்கார்ந்த பிறகுதான் செய்ய வேண்டும். அகலமான வாணலியை எண்ணெய் விடாமல் சூடாக்கி, தீயைக் குறைத்து, பொரித்த இறாலைப் போடுங்கள். பொடியை மூன்று தடவையாகத் தூவி, ஒவ்வொரு தடவையும் வாணலியைக் குலுக்கிப் புரட்டுங்கள். ஓட்டின் மேல் இருக்கும் எண்ணெய்ப் பசையே பொடியைப் பிடித்துக்கொள்ளும். பூண்டு, எலுமிச்சைப்புல், மிளகாய், இலை எல்லாவற்றையும் கொட்டி இன்னும் இரண்டு குலுக்கு. அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

எலுமிச்சம்பழத்தை மேலே பிழியாதீர்கள். புளிப்பு தொட்டுக்கொள்வதில் இருக்கட்டும். ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் உப்பு, மிளகுத்தூள் தலா அரை டீஸ்பூன், நறுக்கிய மிளகாய் கொஞ்சம், மேலே அரை எலுமிச்சம்பழச் சாறு. வியட்நாமில் கடல் உணவு என்றாலே இந்தக் கிண்ணம் கூட வரும். அங்கே பக்கத்தில் வைக்கும் ராவ் ராம் என்ற கார மணமுள்ள கீரை, சிங்கப்பூர், மலேசியாவில் லக்சா இலை என்று விற்பதுதான். கிடைக்காதவர்கள் புதினாவும் வெள்ளரிக்காயும் வைத்துக்கொள்ளலாம்.

நண்டு என்றால்

இதே பொடியில் நண்டும் செய்யலாம், ஆனால் நண்டு ஓட்டைத் தின்ன முடியாது. அதனால் கொடுக்குகளைக் குழவியால் தட்டி விரிசல் விட்டு, உடம்பை நான்காக வெட்டி, வெட்டிய சதைப் பக்கத்தில் மட்டும் ஸ்டார்ச் தொட்டுப் பொரியுங்கள். துண்டின் பருமனைப் பார்த்து ஐந்து முதல் ஏழு நிமிடம் ஆகும். உயிர் நண்டாக இருந்தால் அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்து அது மரத்துப்போன பிறகு வெட்டுவதுதான் முறை.

ஆனால் நண்டுக்கு என் ஓட்டு புளிக்குத்தான். சைகோன் கடைகளில் ‘குவா ராங் மே’ என்று கேட்பார்கள். மே என்றால் புளி. 60 கிராம் புளியை 150 மில்லி வெந்நீரில் கரைத்து வடிகட்டி, பூண்டு வதக்கிய வாணலியில் ஊற்றி, 2 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, 1 டேபிள்ஸ்பூன் ஃபிஷ் சாஸ் சேர்த்து, கரண்டியின் முதுகில் படியும் அளவு கெட்டியாக்குங்கள். பொரித்த நண்டை அதில் ஒரே புரட்டு. மிஞ்சிய புளிக் குழைவை அங்கே பான் மீ ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவார்கள், ஒரு சொட்டுகூட விடமாட்டார்கள்.

தவறு எங்கே நேர்ந்தது என்று பார்க்க

ஓடு தோல் போல இழுபட்டால் எண்ணெய் காயவில்லை, அல்லது இறால் பெரிது. பொடி திட்டுத் திட்டாக அப்பிக்கொண்டால் இறாலில் ஈரம் இருந்திருக்கிறது, அல்லது பொடி ஆறுவதற்கு முன் அரைத்திருப்பீர்கள். பச்சை வாடை அடித்தால் பருப்பு வறுபடவில்லை. இதை மட்டும் பின்னால் சரிசெய்ய வழியில்லை, புதிதாக வறுக்க வேண்டியதுதான். ஏர் ஃப்ரையரில் செய்யலாமா என்று கேட்டால், எண்ணெய் தடவி 200 டிகிரியில் எட்டு நிமிடம் வைத்தால் இறால் நன்றாக வேகும், பொடியும் ஒட்டும்; ஓட்டை மட்டும் உரித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும்.

மீந்த இறாலை மறுநாள் சூடாக்கினால் அந்த மொறுமொறுப்பு திரும்பாது, அளவாகச் செய்யுங்கள். மீந்த பொடியை உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடினால் ஒரு மாதம் வரை இருக்கும். வறுத்த கோழிக்கும், அவித்த முட்டைக்கும், சுட்ட மக்காச்சோளத்துக்கும் அட்டகாசமாக இருக்கும். எண்ணெயை ஆறவைத்துத் துணியில் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வையுங்கள். இறால் மணம் ஏறிய எண்ணெய் அது, வாரத்துக்குள் ஒரு மீன் வறுவலுக்கு எடுத்துக்கொண்டால் சரி.